அட்மிரலின் கடிதமும் அப்பாவின் பெட்டியும்

அக்டோபர் 6, ஞாயிறு

மஸ்கட்டிலிருந்து தம்பி ஜெரோம் பேசினான். பேசினான் என்பதைவிட உத்தரவு போட்டான் என்று எழுதுவது பொருத்தம். சென்னையில் வரதராஜுலு என்று ஒருவர் இருக்கிறாராம். கடற்படை சம்பந்தப்பட்ட பழைய சாமான்களைச் சேர்த்துக் காட்சிக்கு வைப்பவராம். பதக்கம், தொப்பி, திசைகாட்டி என்று எதையும் விடமாட்டாராம். அட்மிரல் மிஸ்திரி எங்கப்பாவுக்குத் தன் கைப்பட எழுதிய கடிதம் தூத்துக்குடியில் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது என்று இவன் யாரிடமோ பெருமையடிக்க, அது அவர் காதுக்குப் போய், இப்போது கடிதத்தை விலைக்குக் கேட்கிறாராம்.

அட்மிரல் மிஸ்திரி சாதாரண ஆளில்லை. போரில் கப்பல்களை முன்னால் நின்று நடத்தியவர். பாடப்புத்தகத்தில் படம் வந்தவர். அவர் கடிதங்களை எல்லாம் டைப் அடிக்கச் சொல்லிக் கீழே கையெழுத்து மட்டும் போடுவாராம். முழுக்கக் கையால் எழுதியது அபூர்வமாம். அவருடைய கப்பலில் அப்பா சமையல்காரராக இருந்தார்.

"அக்கா, நீ ஒண்ணும் செய்யாண்டாம். ஒரு போட்டோ மட்டும் எடுத்து அனுப்பு. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு மற்றதைப் பார்த்துக்கொள்பவன் இவன் ஒருவன்தான். அப்பாவுக்குத் தண்ணீர்ப் படுக்கை வாங்கியபோதும் மற்றதை இவன்தான் பார்த்துக்கொண்டான். படுக்கையை ஆட்டோவில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தது நான்.

போட்டோ எடுத்தேன். ஃபிரேம் கண்ணாடியில் டியூப்லைட் விழுந்து கடிதத்தின் பெரும்பகுதி வெள்ளையாக இருக்கிறது. அடியில் கையெழுத்து மட்டும் தெரிகிறது. போதும் என்று அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 7, திங்கள்

அப்பாவிடம் சொல்லவில்லை. சாளை வாங்கினேன். அவருக்கு முள் எடுத்துக் கொடுத்தே ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.

அக்டோபர் 9, புதன்

சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. மாத்திரை சாப்பிடக் கூப்பிட்டால் கேட்காத காது, நான் அடுப்படியில் ஜெரோமோடு ரகசியமாகப் பேசியதைக் கேட்டிருக்கிறது.

"ஏட்டி ரெஜினா. அந்த லெட்டர் எங்கயும் போவாது. அது எம் பெட்டிக்குள்ள போவவேண்டியது."

சவப்பெட்டியைச் சொல்கிறார். இது புதுச் சேதி இல்லை. அம்மா இறந்த வருஷத்திலிருந்தே தன் கடைசிப் பயணத்துக்கு மூட்டை கட்டி வைத்திருக்கிறார். அலமாரியின் மேல்தட்டில் வெள்ளைக் கடற்படைச் சீருடை, இடுப்புப் பட்டை, கோவா செபமாலை. வருஷத்துக்கு ஒருமுறை சீருடையைத் துவைத்து நீலம் போட்டு இஸ்திரி செய்வது என் வேலை. சாவதற்கு இவ்வளவு தயாராக இருக்கும் மனுஷர், காப்பியில் சர்க்கரை குறைந்துவிட்டது என்று தினமும் என்னோடு மல்லுக்கு நிற்கிறார். காப்பியை நான்தான் பிடித்துக்கொள்ளவேண்டும். அவர் கை போன வருஷமே டம்ளரைக் கைவிட்டுவிட்டது. ஒரு வாய் உள்ளே, ஒரு வாய் சட்டையில். இன்றைக்கு மூன்றாவது சட்டை.

"ஜெரோம் வாக்குக் குடுத்துட்டானாம்பா" என்றேன்.

"எவன் லெட்டருக்கு எவன் வாக்குக் குடுக்கது?"

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவள் நான். எனக்கு இதில் ஒரு பக்கமும் இல்லை. அதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

போட்டோ போதாதாம். வரதராஜுலு சார் ஃபிரேமைக் கழற்றி முழுசாகக் கேட்கிறாராம். பூசை முடிந்து வந்து, ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

அதை அத்தனை உயரத்தில் மாட்டியதே அப்பாதான். மாதா படத்துக்கும் மேலே, ஏணி வைத்தால்தான் வாசிக்கமுடியும். அவருக்குப் பெருமையும் வேண்டும், யாரும் வாசித்துவிடவும் கூடாது. வருகிறவர்களிடம், "என் மாசிச் சம்பலைப் புகழ்ந்து அட்மிரல் எழுதினது" என்பார். பொய் இல்லை. கடைசி வரியில் அந்தக் கருவாட்டுச் சம்பல் இருக்கிறது. அதற்கு முன்னால் இருப்பதைச் சொல்லமாட்டார்.

எனக்குத் தெரியும். கடிதம் வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. அப்பாவுக்கு ஆங்கிலம் பேசவரும், கூட்டெழுத்து வாசிக்க வராது. அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு என்னை வாசித்துச் சொல்லச் சொன்னார். அட்மிரல் எழுதியிருந்தது இதுதான்: போர் நடந்த அந்த இரவில் பயத்தில் என் கைகள் நடுங்கின. கோப்பையைத் தூக்க முடியவில்லை. நீ கதவைச் சாத்திவிட்டு, டீயை என் வாயருகே பிடித்துக் குடிக்கவைத்தாய். பிறகு வெளியே போய் யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் என்னை அஞ்சாதவன் என்கிறார்கள். அப்படியில்லை என்று அறிந்தவன் நீ ஒருவன்தான்.

நான் வாசித்து முடித்ததும் அப்பா, "வெளிய பேசப்படாது" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப்பற்றிப் பேசியதில்லை.

இன்றைக்குக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். போட்டோ எடுக்க மறந்துவிட்டது. ஜெரோமிடம் போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லிவிட்டேன். இவன் வளர்ந்ததே இந்தச் சுவரின் கீழேதான். ஒருநாளாவது ஸ்டூல் போட்டு ஏறி வாசித்திருக்கிறானா? கேட்டால் சம்பல் என்பான்.

அக்டோபர் 17, வியாழன்

சென்னையிலிருந்து பார்சல். உள்ளே ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை, கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் உறை, ஒரு பக்கத்துக்கு அறிவுரைகள். சற்று நேரத்தில் வரதராஜுலுவே பேசினார்.

"மேடம், எக்காரணம் கொண்டும் லேமினேட் பண்ணிடாதீங்க. போன வருஷம் ஒருத்தர் பாசத்துல பண்ணிட்டாரு. நான் அழுதுட்டேன்."

"பண்ணலைங்க."

"வெறுங்கையால தொடாதீங்க. வெயில் படக்கூடாது. அந்த உறைக்குள்ள வச்சிடுங்க. ஊதுவத்திப் புகை படுற இடத்துல வைக்காதீங்க."

நாற்பது வருஷமாக மாதா படத்துக்கு மேலே மெழுகுவர்த்திப் புகையில் தொங்கியது என்று சொல்லவில்லை. மனுஷர் மறுபடி அழுதுவிட்டால் என்ன செய்வது?

"கண்ணாடிப் பெட்டியில வச்சு, கீழ சின்னதா ஒரு அட்டை வைப்பேன் மேடம். அட்மிரல் மிஸ்திரி, ஒரு சமையல்காரருக்கு எழுதியதுன்னு."

"எங்கப்பா பேரு சந்தியாகு பர்னாந்து."

"இருக்கட்டும் மேடம். பேரு போட்டா பார்க்கிறவங்களுக்குப் புரியாது. சமையல்காரர்னா ஒரு இது இருக்குல்ல?"

என்ன இது என்று எனக்கு விளங்கவில்லை. கையுறையை மாட்டிப் பார்த்தேன். என் கைக்குச் சிறியது.

அக்டோபர் 20, ஞாயிறு

வீடியோவில் ஜெரோம் அப்பாவோடு நேரடியாகப் பேசிப் பார்த்தான். போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

"அப்பா, மண்ணுக்குள்ள போட்டா கரையான்தான் திங்கும். அங்க வச்சா உங்க பேரு காலாகாலத்துக்கும் நிக்கும்லா. வாரவன் போறவன் எல்லாம் பாப்பானுவ. சந்தியாகு பர்னாந்துன்னு வாசிப்பானுவ."

பாவம், இவனுக்கு அட்டையில் பெயரே வராது என்று தெரியாது. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அப்பா கண்ணை மூடிக்கொண்டு குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். நடிப்புக் குறட்டை. ஜெரோமுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அக்கா, நீதான் அவருக்கு ஏத்தி விடுத."

வந்ததே எனக்கு! "ஏல, நீ அங்க இருந்துக்கிட்டு இங்க என்னைய நாட்டாமை பண்ணாத. எனக்கு ஒரு பக்கமும் கெடயாது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

போன் அணைந்ததும் குறட்டையும் நின்றது. கண்ணைத் திறக்காமலே அப்பா சொன்னார்: "ஒரு மனுசன் பயந்ததக் கண்ணாடிக்குள்ள வச்சி வேடிக்க பாப்பானுவளாம். அவரு என்னய நம்பி எழுதினாரு. எங்கூடயே போயிரட்டும்."

கஞ்சி கொடுத்தேன். பாதிதான் குடித்தார்.

அக்டோபர் 26, சனி

ஓய்வூதியத்துக்கு அப்பா உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் நிரூபிக்கவேண்டும். இந்த வருஷம் நடக்கமுடியாததால் வீட்டுக்கே மிஷினோடு ஒரு பெண் வந்தாள். கட்டைவிரலை வைக்கச் சொன்னாள். மிஷின் ஏற்கவில்லை. ஆள்காட்டி விரல். ஏற்கவில்லை. சோப்புப் போட்டுக் கழுவி வைத்தோம். எண்ணெய் தடவி வைத்தோம். அடுப்பிலேயே கிடந்த கை, ரேகையெல்லாம் எப்போதோ தேய்ந்துபோயிற்று.

"தாத்தா இல்லன்னு காட்டுதுக்கா" என்றாள் அந்தப் பெண்.

"அப்பம் இம்புட்டு நேரம் ஒனக்கு யாரு மிச்சர் குடுத்தது?" என்றார் அப்பா.

கடைசியில் கண்ணைப் படம்பிடித்து ஏற்றுக்கொண்டது. நான் ஒரு நாள் லீவு போட்டது மிச்சம். ஆனால் மிஷின் இல்லை என்று சொன்னபோது நான் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அசட்டுத்தனம். பச்சை வெளிச்சம் வந்தபின்னும் கொஞ்ச நேரம் விடவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பக்கத்து வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. வரதராஜுலு பத்தாம் தேதி காலை வருகிறாராம். ரயில் டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். முழுசாகக் கடிதத்தை இதுவரை அவரும் பார்க்கவில்லை, ஜெரோமும் பார்க்கவில்லை. என் போனில்தான் ஒரு நாள் சார்ஜ் இல்லை, ஒரு நாள் நெட் இல்லை, ஒரு நாள் வெளிச்சம் இல்லை. பழைய போன்.

"அவன் வந்து வாசிப்பானா?" என்று அப்பா கேட்டார். வாசிக்காமல் என்ன செய்வார் என்றேன். அதன்பிறகு அவர் அதிரசத்தைத் தொடவில்லை. பிய்த்து வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்கிறார். வீம்பு பிடிப்பதில் இந்த வீட்டு ஆண்களை மிஞ்ச ஆள் கிடையாது.

நவம்பர் 1, வெள்ளி

நாளைக்கு ஜெரோம் கேட்பான், எல்லோரும் கேட்பார்கள். அதனால் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மாதத்தின் முதல் வெள்ளி. நோயாளிகளுக்கு நன்மை அப்பம் கொடுக்க உதவிப் பங்குச் சாமியார் வீடு வீடாக வருவார். புதுச் சாமியார், ஆல்ட்ரின் என்று பேர், சின்ன வயது, எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை. அப்பா நேற்றே சொல்லிவைத்துவிட்டார், பெட்டிக்குள் போகிற சாமான் எல்லாவற்றையும் மந்திரித்துவிடவேண்டும் என்று. இது எங்கள் பக்கத்து வழக்கம். வீடு கட்டினால் மந்திரிப்போம், படகு வாங்கினால் மந்திரிப்போம், பைக் வாங்கினால்கூட டயரில் தீர்த்தம் தெளிக்காமல் ஓட்டமாட்டோம். கடைசியாகப் போட்டுக்கொண்டு போகிற உடுப்பை விட்டுவைப்போமா?

ஆகவே கட்டிலில் ஒரு வெள்ளை விரிப்பு விரித்து, சீருடை, பட்டை, செபமாலை எல்லாம் வைத்தேன். கடிதத்தையும் வைக்கச் சொன்னார். வைத்தேன். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஏன் எடுத்தாய் என்றால், உறைக்குள் வேர்த்திருந்தது. பூஞ்சை பூத்துப்போகும் என்று எடுத்தேன். விரித்து வைத்தேன், மடிப்பு விழக்கூடாதே என்று.

சாமியார் தீர்த்தம் தெளிக்கக் கொப்பு கேட்டார். முற்றத்துக் குரோட்டன்ஸில் ஒடித்தேன். சின்னக் கொப்புகளில் எறும்பு இருந்தது. அதனால் பெரிய கொப்பாக ஒடிக்கவேண்டியதாயிற்று. விளக்குமாறு அளவு என்று சொல்லமுடியாது, கொஞ்சம் சிறியது. தீர்த்தச் செம்பில் தண்ணீர் ஏன் விளிம்புவரை இருந்தது என்றால், நிறைத்தால் நிறையத்தான் செய்யும்.

சாமியாருக்குத் தாராளமான கை. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று வீச்சு. அப்பா முகத்தில் ஒன்று, சீருடையில் ஒன்று, கடிதத்தில் ஒன்று. அந்தக் காலத்து நீல மை. கண் முன்னாலேயே ஊறிப் பரவியது. நடு மடிப்பில் தண்ணீர் தேங்கி, மூன்று நான்கு வரிகள் ஒரு நீலக் குட்டையாகிவிட்டன.

"ஐயையோ, தாள் நனஞ்சிருச்சே அம்மா" என்று சாமியார் பதறிவிட்டார்.

"பரவாயில்ல சாமி, தீர்த்தம்தானே" என்றேன்.

உடனே துடைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. துடைத்தால் தாள் கிழிந்துவிடும்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். அம்மா கல்லறைக்கு வெள்ளையடித்துப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினேன். திரும்பி வரும் வழியில் ஜெரோமுக்குச் சொன்னேன். அவன் போட்ட கூச்சலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு லெட்டரப் பாத்துக்கிட ஒனக்குத் துப்பு இல்லியா? ஒரு சாமியார்ட்ட சொல்லத் தெரியாதா?"

என்னை! பத்து வருஷமாக ஒரு மனுஷரைப் பார்த்துக்கொள்கிறவளை!

"சாமி தெளிச்சாரு. போய்ச் சாமிகிட்ட கேளு" என்றேன்.

வீட்டுக்கு வந்தால் அப்பா கஞ்சி கேட்டார். அவராகக் கேட்டு நாளாகிறது. முழுவதும் குடித்தார்.

நவம்பர் 5, செவ்வாய்

வரதராஜுலு வரமாட்டார் என்று நினைத்தேன். சேதம் எவ்வளவு என்று நேரில் பார்க்கிறாராம். மழை. அப்பாவுக்கு நெஞ்சில் சளி. டாக்டர் வந்து பார்த்துவிட்டு வயசாயிற்று என்றார். அதைச் சொல்ல டாக்டருக்குப் படிக்கவேண்டியதில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

வந்தார். நான் நினைத்ததுபோல் தொந்தியும் மோதிரமுமாக இல்லை. ஒல்லியாக, சாதுவாக, கையில் மக்ரூன் பொட்டலத்தோடு வந்தார். மக்ரூனுக்குப் பேர்போன தூத்துக்குடியில் ஒருத்தியிடம் மக்ரூனையே கொடுக்கிற அளவு வெள்ளந்தி.

ஜெரோமைப் போனில் போட்டு மேசைமேல் வைத்தோம். வரதராஜுலு தன் கையுறையை மாட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடியை எடுத்து, கடிதத்தை மேலிருந்து கீழே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நடுவுல போயிடுச்சு மேடம். இதுல ஒண்ணும் எடுக்க முடியாது."

"அடடா" என்றேன்.

"ஆனா பரவாயில்லை. கீழ பாருங்க, கையெழுத்து சுத்தமா நிக்குது. தேதி நிக்குது. இது போதும் எனக்கு. நான் எடுத்துக்கிறேன்."

போனில் ஜெரோம் கைதட்டினான்.

"நடுவுல என்ன எழுதியிருந்துச்சுன்னு நீங்க கேக்கவே இல்லியே?" என்றேன்.

"அது எதுக்கு மேடம்? பார்க்க வர்றவங்க யாரும் வாசிக்க மாட்டாங்க. எல்லாரும் கையெழுத்தைத்தான் பார்ப்பாங்க."

வாசிக்கவே மாட்டார்களாம்! இதற்காகவா நான் இத்தனை... என்று எழுதவந்தேன். அந்த வரியை முடிக்கப்போவதில்லை.

அவர் கடிதத்தைத் தன் உறைக்குள் நுழைக்க ஆரம்பித்தார். உள்ளறையில் அப்பா இருமினார். எனக்கு ஒரு பக்கமும் இல்லை என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஜெரோமிடம், அப்பாவிடம், இந்த டைரியிடம். மேசைமேல் இருந்த ஏதாவது ஒன்று தானாகச் சரிந்து, காப்பி கொட்டி, ஃபேன் காற்றில் பறந்து காரியம் முடிந்துவிடாதா என்று சுற்றிலும் பார்த்தேன். ஒன்றும் சரியவில்லை. நான்தான் பேசவேண்டியிருந்தது.

"வைங்க கீழ" என்றேன்.

"மேடம்?"

"இது விக்கிறதுக்கு இல்ல. எங்கப்பா பெட்டிக்குள்ள போறதுக்கு வச்சிருக்கு. அவரு கேட்டுட்டாரு. நாங்க குடுக்க மாட்டோம்."

"அக்கா, நான் வாக்குக் குடுத்திருக்கேன்!" என்று போன் கத்தியது.

"குடுத்தது நீ. லெட்டர் உனக்கு வந்ததில்ல. அப்பாவுக்கு வந்தது" என்று சொல்லிப் போனை அணைத்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது. நடுக்கம் இல்லை, கோபம்தான். யார் மேல் என்று தெரியவில்லை. முக்கால்வாசி என் மேல்தான்.

வரதராஜுலு சண்டை போடவில்லை. கடிதத்தை மேசையில் வைத்தார். காப்பியைக் குடித்து முடித்தார். எனக்கு அனுப்பிய கையுறையைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மக்ரூனை விட்டுவிட்டார்.

"போயிட்டானா?" என்று அப்பா உள்ளேயிருந்து கேட்டார்.

"போயிட்டாரு."

"இத மொதல்லயே வாயால சொல்லியிருக்கலாம்லாட்டி. கொப்ப எதுக்கு அம்புட்டுப் பெருசா ஒடிச்ச?"

"எறும்பு இருந்துச்சுப்பா."

"ஆமா. எறும்பு."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, முதுகைத் தடவிக்கொடுக்கவேண்டியதாயிற்று. மக்ரூனைக் காப்பியில் நனைத்து ஊட்டினேன். நன்றாகவே இல்லை, பழசு என்று சொல்லிக்கொண்டே இன்னொன்று கேட்டார்.

நவம்பர் 14, வியாழன்

ஜெரோம் பேசவில்லை. எடுக்கவும் இல்லை. நானும் கூப்பிடப்போவதில்லை. கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

ஆக்சிஜன் மிஷின் வாடகைக்கு எடுத்தோம். அதன் சத்தத்தில் எனக்குத் தூக்கம் இல்லை, அப்பாவுக்கு இருக்கிறது. ஜெரோமுக்கு ஒரு வரி அனுப்பினேன்: கோபத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு டிக்கெட் போடு.

நவம்பர் 22, வெள்ளி

விடியற்காலையில் அப்பா போய்விட்டார். கடைசியாகக் காப்பி கேட்டார். கலந்துகொண்டு வருவதற்குள்.

நவம்பர் 24, ஞாயிறு

அடக்கம் முடிந்தது. எல்லோரும் போய்விட்டார்கள். பாத்திரம் மலைபோல் கிடக்கிறது. எழுதிவிட்டுத்தான் தொடுவேன்.

ஜெரோம் நேற்று மாலை வந்தான். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஐஸ் பெட்டிமேல் விழுந்து அழுதான். என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. துக்க வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை. எல்லோரும் அழுதுகொண்டிருந்தால் யார் யாரோடு பேசவில்லை என்று யார் பார்க்கிறார்கள்?

இன்று பூசைக்கு முன்னால் பெட்டிக்கு மாற்றினோம். சீருடை அப்பாவுக்குத் தொளதொளவென்று இருந்தது. இத்தனை வருஷம் நீலம் போட்டு இஸ்திரி செய்தேன், பிடித்துத் தைக்கவேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. முதுகுப்பக்கம் மடித்துச் செருகினேன். கோயில் மணி அடித்தது. மூடலாமா என்று பெட்டிக்காரர் கேட்டார். நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

ஜெரோம் என் கையைப் பிடித்தான். பிடுங்கப்போகிறான் என்று நினைத்தேன். இந்த நேரத்தில், இத்தனை பேர் முன்னால் ஆரம்பித்தால் கன்னத்தில் அறைவது என்றே முடிவு செய்துவிட்டேன்.

"ஒரு தடவ வாசிச்சிட்டுத் தாரேன்கா" என்றான்.

கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அப்பாவின் தலைமாட்டில் நின்று வாசிக்க ஆரம்பித்தான். மேல் இரண்டு வரி வாசித்தான். பிறகு நீலக் குட்டை வந்தது. தாளைச் சாய்த்துப் பார்த்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். கடைசி வரிக்குப் போனான். சம்பல்.

"நடுவுல ஒண்ணும் தெரியலயேக்கா. என்ன எழுதியிருந்துச்சு?"

ஐம்பது வயதுக்குமேல் ஆன பயல், சின்னப் பிள்ளை மாதிரி கேட்டான். ஊரான் வாசிக்கக்கூடாது என்று நான் செய்த காரியம், வாசிக்கவே விரும்பாத ஊரானுக்கு ஒரு நஷ்டமும் வைக்கவில்லை. நஷ்டம் முழுவதும் இவனுக்குத்தான். அப்பாவின் பிள்ளை, அந்த வரிகளை இனி ஒருகாலமும் கண்ணால் பார்க்கப்போவதில்லை. செய்தவள் நான். எறும்பு கிறும்பு எல்லாம் பொய்.

சாமியார் காத்துக்கொண்டிருந்தார். தூக்குகிறவர்கள் தோளில் துண்டு போட்டுக்கொண்டு நின்றார்கள். நான் அவன் காதைப் பிடித்து என் வாயருகே இழுத்து, கூட்டத்துக்குக் கேட்காமல், அட்மிரல் எழுதியதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். கதவைச் சாத்தியதைச் சொன்னேன். கோப்பையைப் பிடித்ததைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

ஜெரோம் தாளை மடித்து, தானே அப்பாவின் சட்டைப் பைக்குள் வைத்தான். மேலே அழுத்தித் தட்டினான், விழுந்துவிடாமல்.

"வெளிய பேசப்படாது, என்ன?" என்றேன்.

"சரிக்கா" என்றான்.

பைப் பொத்தானைத் தப்பாக மாட்டியிருந்தான், மடையன். அவிழ்த்து நான் சரியாக மாட்டினேன்.